துப்பாக்கியும் எலுமிச்சம்பழமும்

(கோவில்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "நம் சிப்பாயின் கையிலுள்ள துப்பாக்கி" என்பதாகும். இதைக் கேட்டவுடன், "இவன் என்ன பட்டாளத்தில் இருந்தவனா, இவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். நான் பட்டாளத்தில் இருந்தவனுமல்ல. இஞ்சினீர் பரீட்சை கொடுத்தவனுமல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், லீவில் வந்த சிப்பாய்களைத் துருவித் துருவிக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லுவதை அப்படியே நம்பிவிடவேண்டுமென்று உங்களைக் கேட்கவில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம்முடைய கரிசல் சீமை வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், மில், அல்லது பட்டாளம். அப்படிப் பட்டாளத்துக்குப் போன பிள்ளையின் கையில் சர்க்கார் ஒரு துப்பாக்கியைக் கொடுக்கிறது. சுடவேண்டிய சமயத்தில் அது சுடாவிட்டால் சாகிறவன் யார்? அதைச் செய்தவனல்ல, வாங்கினவனல்ல, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தவனுமல்ல. பிடித்திருந்தவன்தான் சாகிறான். ஆகவே அது எப்படி வேலை செய்கிறது, வேலை செய்யாமற்போன காலத்தில் பழியை யார் தலையில் போட்டார்கள் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் சொல்லமுடியாது.

வருஷா வருஷம் ஆயுத பூஜை என்று ஒன்று நடக்கிறது. அரிவாள், ஏர், தறி, லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோம். பட்டாளத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் துப்பாக்கியை அடுக்கிவைத்துப் பூ போடுகிறார்கள். இது படிக்காத ஜனங்களின் வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019ஆம் வருஷம் அக்டோபர் 8ந் தேதி, விஜயதசமியன்று, ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் அவர்கள் பிரான்சு தேசத்துக்கே போய், நாம் பணம் கொடுத்து வாங்கிய முதல் ரஃபேல் ஆகாய விமானத்தின் மேல் "ஓம்" என்று எழுதி, பூ வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். விமானத்தைச் செய்த பிரெஞ்சுக்காரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதைச் செய்யும்போது எத்தனை எலுமிச்சம்பழம் செலவாயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

துப்பாக்கியின் உயிர் தோட்டாவில் இருக்கிறது. தோட்டா என்னவென்று மற்ற ஊர்க்காரனுக்குச் சொல்வது கஷ்டம். கோவில்பட்டிக்காரனுக்குச் சொல்வது சுலபம். நீங்கள் தினம் கட்டை அடுக்கி முக்கும் தீக்குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் தடவுகிற மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசினால்தான் நெருப்பு. தனித்தனியே வைத்தால் சாது. தோட்டாவும் இதற்குத் தம்பிதான். ஒரு பித்தளைக் குப்பி. குப்பியின் அடியில் சின்னக் கிண்ணம் போல ஒரு மூடி. அதற்குள் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் மருந்து ஒரு சிட்டிகை. குப்பிக்குள் வெடிமருந்து. குப்பியின் வாயில் குண்டு. குச்சியை நீங்கள் உரசுகிறீர்கள். இங்கே ஓர் ஊசி பின்னாலிருந்து அடிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். மழைக்காலத்தில் நமத்துப்போன குச்சி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பற்றாதென்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. தோட்டாவுக்கும் அதே சட்டம்தான்.

1799ல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாஞ்சாலங்குறிச்சிக்குக் கும்பினிப் படை வந்தபோது, அந்தச் சிப்பாய்களின் துப்பாக்கிக்குச் சக்கிமுக்கிக் கல்தான் தீக்குச்சி. ஒவ்வொரு தடவையும் குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டு இடிக்கவேண்டும். நன்றாகப் பழகினவன் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவான். முதல் தாக்குதலில் கும்பினிப் படை தோற்றுத் திரும்பிற்று. அது கோட்டைக்குள் இருந்த ஆட்களின் கைபலம். பிறகு பெரிய பீரங்கிகளை வருவித்தார்கள். கோட்டையை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அது பீரங்கியின் பலம். ஜக்கம்மாளுக்கு இரண்டிலும் வேலையில்லை. இதைச் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம். கட்டபொம்மனின் வீரத்தை அவனுக்கே கொடுக்கவேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

அன்றைக்கு நிமிஷத்துக்கு மூன்று. இன்றைக்கு நம் சிப்பாயின் துப்பாக்கியின் யந்திர வேகம் நிமிஷத்துக்கு 600 முதல் 650 வரை. அதாவது ஒரு விநாடிக்குப் பத்து. இது எப்படி வந்தது?

உங்களில் கிணற்றில் ஆயில் என்ஜின் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். எண்ணெய் எரிந்து, அந்த வாயு பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றுகிறது. துப்பாக்கியும் அதே மாதிரி ஒரு என்ஜின். மருந்து எரியும்போது குழலுக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் உண்டாகிறது. லாரி டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 100 பவுண்டுதான், ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அழுத்தம் குண்டை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. குண்டு குழலின் முனையை விட்டுப் போவதற்கு முன், குழலின் மேற்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் வாயு மேலே இருக்கிற இன்னொரு குழாய்க்குள் நுழைகிறது. அங்கே ஒரு பிஸ்டன் காத்துக்கொண்டிருக்கிறது. அது பின்னால் தள்ளப்படுகிறது. தள்ளப்பட்டதும், தோட்டாவின் பின்புறத்தைத் தாழ்ப்பாள் மாதிரி அடைத்துக்கொண்டிருந்த இரும்புக்கட்டை திரும்பித் திறக்கிறது. காலிக் குப்பி வெளியே எறியப்படுகிறது. பின்னால் ஒரு சுருள்வில் நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட வில் திரும்ப உதைக்கிறது. கட்டை முன்னே வரும்போது கீழேயுள்ள பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது. இத்தனையும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள்! இதில் துவாரம் சிறிது அடைத்தாலும், வில் சிறிது தளர்ந்தாலும், குப்பி சிறிது உப்பினாலும், துப்பாக்கி ஒரு இரும்புத்தடி. அப்போது சிப்பாய் அதைத் திருப்பிப் பிடித்து அடிக்கத்தான் உதவும்.

இனி நம்முடைய துப்பாக்கியின் கதை. 1962ல் சீனாவோடு சண்டை நடந்தபோது நம் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளவேண்டிய பழைய .303 துப்பாக்கி. அதற்குப் பிறகு பெல்ஜியத்து மாதிரியை வைத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையில் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி செய்தார்கள். அது நல்ல துப்பாக்கி; ஆனால் கனம். தோட்டாவும் கனம், ஒன்று சுமார் 24 கிராம். பிறகு வந்த 5.56 மில்லிமீட்டர் தோட்டா சுமார் 12 கிராம். ஆக, நூறு தோட்டாச் சுமந்தவன் அதே சுமையில் இருநூறு சுமக்கலாம். உதையும் குறைவு, ஆகையால் குறி கலையாது. 1952ல் அமெரிக்கப் படைக்காக ஹிட்ச்மன் என்பவர் செய்த ஆராய்ச்சியில், சிப்பாய்கள் துப்பாக்கியால் குறி தப்பாமல் சுடுவது பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான் என்று தெரிந்தது. ஆயிரம் கஜத்துக்குப் போகும் பெரிய தோட்டாவைச் சுமப்பது வீண் சுமை என்று அதிலிருந்து ஏற்பட்ட முடிவுதான் சின்னத் தோட்டா.

இதற்கு நம் நாட்டில் வேறொரு கதை சொல்லுகிறார்கள். "சின்னக் குண்டு எதிரியைக் கொல்லாது, காயம்தான் செய்யும், காயப்பட்டவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆக ஒரு குண்டில் மூன்று பேர் போவார்கள், அதற்காகத்தான் இப்படிச் செய்தார்கள்" என்பதாக. பட்டாளத்தில் இருந்தவர்களே இதை வேதவாக்குப்போல் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோழர்களே! விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் போகிற குண்டு, "இவனைக் கொல்லாமல் விடு" என்று யாருடைய உத்தரவைக் கேட்கும்? வியட்நாமில் அந்தக் குண்டினால் செத்தவர்களைக் கேட்டால் தெரியும். காரணம் தெரியாத இடத்தில் ஒரு அழகான கதையைச் செருகிவிட்டால், பிறகு யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. புராணம் கோவிலில் மாத்திரம் பிறப்பதில்லை. படை முகாமிலும் பிறக்கிறது.

இந்தச் சின்னத் தோட்டாவுக்காக 1980களில் பூனாவிலுள்ள சர்க்கார் ஆயுத ஆராய்ச்சி நிலையம் வரைந்ததுதான் "இன்சாஸ்" என்னும் துப்பாக்கி. இந்தியச் சிறு ஆயுத வரிசை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதில் பிஸ்டனும் திரும்பும் தாழ்ப்பாளும் ருஷியாவின் கலாஷ்னிகாவ் மாதிரி. வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு பெல்ஜியத்து மாதிரி. இடது பக்கத்து இழுபிடி ஜெர்மன் மாதிரி. இப்படிப் பல இடத்திலிருந்தும் எடுத்ததைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். நான் அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். நல்லது எந்த நாட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்வதுதான் அறிவு. தோட்டா செய்யும் ஏற்பாடும் துப்பாக்கி செய்யும் ஏற்பாடும் சேர்ந்து நடக்காமல் வருஷங்கள் கழிந்தன. இதற்கிடையில் 1990களின் ஆரம்பத்தில் வெளிநாடுகளிலிருந்து லட்சம் அளவில் ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை வாங்கவேண்டியதாயிற்று. 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் ஜனங்களுக்குக் காட்டப்பட்டது. ஈஷாப்பூரிலும் கான்பூரிலும், நம் திருச்சியில் 1966ல் அஸ்திவாரம் போட்ட ஆயுதத் தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டது. திருச்சித் தொழிலாளி கடைந்த இரும்பு காஷ்மீர மலையில் நின்றது என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை.

1999ல் கார்கில் சண்டை வந்தது. பதினாறாயிரம் அடி, பதினெட்டாயிரம் அடி உயரம், உறையும் குளிர். அங்கேதான் துப்பாக்கிக்கு உண்மையான பரீட்சை நடந்தது. மேகஸின் என்கிற தோட்டாப் பெட்டி குளிரில் விரிசல் விட்டது. சில துப்பாக்கிகள் நடுவில் சிக்கிக்கொண்டன. சுடும்போது எண்ணெய் தெறித்துச் சிப்பாயின் கண்ணில் விழுந்தது. மூன்று குண்டோடு நிற்கவேண்டிய துப்பாக்கி நிற்காமல் ஓடிற்று.

இந்தத் தோட்டாப் பெட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதைக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். ஏன்? இன்னும் எத்தனை தோட்டா பாக்கி இருக்கிறதென்று சிப்பாய் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. நல்ல யோசனை! இரும்பில் செய்தால் எண்ணிக்கை தெரியாது, கனமும் அதிகம். ஆனால் பிளாஸ்டிக் குளிரில் இறுகி நொறுங்கும். கொடைக்கானலுக்குக் கொண்டுபோன வாளிக்கும் கார்கிலுக்குக் கொண்டுபோன பெட்டிக்கும் ஒரே நியாயம் பேசமுடியுமா? யோசனை நல்லது, பொருள் தவறு. மூன்று குண்டு ஏற்பாடும் அப்படியே. பயத்தில் சிப்பாய் விசையை அழுத்திப் பிடித்துத் தோட்டாவைத் தீர்த்துவிடக் கூடாதென்று, ஒரு அழுத்துக்கு மூன்று என்று எண்ணிக் கொடுக்க ஒரு பல் சக்கரம் வைத்தார்கள். எண்ணுகிற சக்கரம் தேய்ந்தால் எண்ணிக்கை தப்பும். கருவியில் ஒரு உறுப்பைக் கூட்டினால் கெடுவதற்கு ஒரு இடத்தைக் கூட்டினோம் என்று அர்த்தம்.

பிறகு சில குறைகளைத் திருத்தினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொன்றாகச் சுடும்போது குறி நன்றாக விழுகிறதென்று அதைப் பிடித்தவர்கள் பலர் சொல்லுகிறார்கள். குறை சொல்லுகிறவன் நிறையையும் சொல்லாவிட்டால் அவன் பேச்சுக்கு யோக்கியதை ஏது?

ஆனால் நான் இன்று பேச வந்தது குறையைப் பற்றி அல்ல. குறை எல்லாவற்றிலும் இருக்கும். குறை வந்தபோது சொன்ன சமாதானத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2005 ஆகஸ்டில் நேபாளத்தில் மாவோயிஸ்டுகளோடு நடந்த ஒரு சண்டையில் அந்நாட்டுச் சிப்பாய்கள் 40 பேருக்குமேல் செத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது நாம் கொடுத்த இன்சாஸ். "இந்தத் துப்பாக்கி மட்டமானது, நீண்ட சண்டையில் வேலை செய்யவில்லை" என்று அந்த ராணுவத்தின் பேச்சாளர் சொன்னார். நம் தரப்பில் சொன்ன பதில் என்ன? "சரியாகக் கையாளத் தெரியவில்லை" என்பது!

இந்தப் பதிலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? கரிசல் காட்டில் மழை பெய்யாதபோது வருண ஜெபம் செய்கிறார்கள். பெய்யவில்லை. ஜெபம் பொய் என்று சொல்வார்களா? "சிரத்தை போதாது" என்கிறார்கள். கொடும்பாவி கட்டி இழுக்கிறார்கள். அப்போதும் பெய்யவில்லை. "ஊரில் எவனோ பாவம் செய்திருக்கிறான்" என்கிறார்கள். வேண்டுதல் பலித்தால் சாமியின் மகிமை. பலிக்காவிட்டால் பக்தன் மேல் குற்றம். சாமி விஷயத்தில் இந்த வியாபாரம் எத்தனை நாளானாலும் நடக்கும். ஏனென்றால் சாமியைக் கழற்றிப் பார்க்கமுடியாது. துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கலாமே! துவாரம் அடைத்ததா, வில் தளர்ந்ததா, பெட்டி வெடித்ததா என்று பார்த்தால் தெரிந்துபோகிறது. தெரியக்கூடிய விஷயத்திலும் "பிடித்தவன் மேல் குற்றம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லுகிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது?

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று நினைத்து வெள்ளைக்காரனைக் கும்பிடக் கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கியின் கதை இதைவிடக் கேவலம். யூஜீன் ஸ்டோனர் என்பவரின் கைவேலையில் பிறந்த அது, ஒரு வகை மருந்தை வைத்துச் சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. பட்டாளத்துக்குப் போகிறபோது மருந்தை மாற்றிவிட்டார்கள். புதிய மருந்து அதிக அழுக்கு விட்டது, வேகத்தையும் கூட்டிவிட்டது. தோட்டா நிற்கும் அறைக்குக் குரோமியப் பூச்சு வேண்டும், செலவென்று பூசவில்லை. வியட்நாமோ ஈரமான நாடு, இரும்பு துருப்பிடித்தது, குப்பி ஒட்டிக்கொண்டது. இவ்வளவுக்கும் மேலாக, "இது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி" என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டு, துடைக்கும் கருவிகளைக்கூடச் சிப்பாய்களுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை. தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி! பாவத்தைக் கழுவும் குளத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சிக்கிய குப்பியைத் தடியால் குத்தி எடுக்கும்போதே வாலிபர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அதிகாரிகள் சொன்னதோ, "சிப்பாய்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை" என்பது.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. செத்தவர்களின் தாய் தகப்பன்மாருக்கு அந்தப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் பத்திரிகைக்கும் சட்டசபைக்கும் போயின. 1967ல் இக்கார்ட் என்ற அங்கத்தினரின் தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்தது. தோட்டாவின் குறை தெரிந்தும் திருத்தாமலிருந்தது கிரிமினல் குற்றத்தை ஒட்டிய அசட்டை என்று அந்தக் கமிட்டி அறிக்கை எழுதிற்று. பிறகு குரோமியம் பூசினார்கள்; துடைக்கும் கருவி கொடுத்தார்கள்; எப்படித் துடைப்பதென்று வில் ஐஸ்னர் என்ற சித்திரக்காரரைக் கொண்டு சிறுபிள்ளைகள் படிக்கும் படக்கதை மாதிரி ஒரு புத்தகமே 1968ல் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வகைத் துப்பாக்கி இன்றுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களிடம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரனும் 1985ல் தனக்கென்று ஒரு துப்பாக்கி செய்து, 1991 வளைகுடாச் சண்டையின் மணலில் அவமானப்பட்டு, பத்து வருஷம் கழித்து ஜெர்மன் கம்பெனியிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டான். அந்தக் கதை நீளம், விட்டுவிடுகிறேன்.

இனி, எல்லோரும் பேர் சொல்லும் ஏ.கே. துப்பாக்கி. அது ஏன் சேற்றிலும் மணலிலும் நிற்கிறது? அதற்கு ஏதோ தனிச் சக்தி இருப்பதாகச் சிலர் பேசுகிறார்கள். நம் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு வண்டி ஓட்டினவனுக்கு இதன் ரகசியம் தெரியும். சக்கரம் அச்சில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் மண் ஏறினவுடன் நின்றுவிடும். கொஞ்சம் ஆட்டம் விட்டு, வண்டி மசை போட்டு, அச்சாணி அடித்தால், கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டாவது ஊர் போய்ச் சேரும். கலாஷ்னிகாவ் துப்பாக்கியும் அப்படித்தான். ஓடுகிற உறுப்புக்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறது. அழுக்கு விழுந்தால் ஒதுங்க இடமுண்டு. பிஸ்டன் பெரிது, கனம்; வாயுவும் தாராளம்; தடை வந்தால் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். இதற்குக் கொடுக்கிற விலை என்ன? குறியின் நுட்பம் கொஞ்சம் குறையும். கைக்கடிகாரம் மாதிரியும் கட்டைவண்டி மாதிரியும் ஒரே கருவி இருக்கமுடியாது. எது வேண்டுமென்பதைப் பிடிக்கிறவன் இருக்கும் இடத்தை வைத்துத் தீர்மானிக்கவேண்டும்.

இதைச் செய்த மிகெயில் கலாஷ்னிகாவ் 1919ல் சைபீரியாப் பக்கம் ஒரு குடியானவன் வீட்டில் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோது 1930ல் சர்க்காரே அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்திற்று. பெரிய படிப்பில்லை. டாங்கிப் படையில் சிப்பாயாயிருந்து, 1941ல் காயப்பட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நம் துப்பாக்கி ஏன் இப்படி இருக்கிறது?" என்று மற்றச் சிப்பாய்கள் குறைப்பட்டதைக் கேட்டு வரைய ஆரம்பித்தார். குறைப்பட்டவனைக் "கையாளத் தெரியாதவன்" என்று சொல்லவில்லை. அவனே அந்தக் குறைப்பட்டவர்களில் ஒருவன். 1947ன் மாதிரி 1949ல் படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்காக அவரை ஒரு அவதாரபுருஷராக்கிவிட வேண்டாம். அவரோடு பல பேர் வேலை செய்தார்கள். முந்திய துப்பாக்கிகளிலிருந்து பல யோசனைகள் வந்தன. முதலில் தகட்டை அடித்துச் செய்த உடல் சரிப்படாமல், இரும்பைக் கடைந்து செய்து, பிறகு மறுபடியும் தகட்டுக்கு வந்தார்கள். பல பேர் பல வருஷம் தவறித் தவறித் திருத்தியதுதான் அது.

நம் சர்க்கார் கடைசியில் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? 2011ல், குழலை மாற்றினால் சின்னத் தோட்டாவும் பெரிய தோட்டாவும் சுடக்கூடிய ஒரே துப்பாக்கி வேண்டுமென்று டெண்டர் விட்டார்கள். 2015ல் அதை ரத்துச் செய்தார்கள். என்ன வேண்டுமென்று தீர்மானிக்காமல் எல்லாம் வேண்டுமென்று கேட்டால், சம்மந்தம் பேசப் போனவன் பெண்ணுக்கு நாலு கை வேண்டுமென்று கேட்ட கதைதான். பிறகு 2019ல் 72,400 துப்பாக்கிகளை, பெரிய 7.62 தோட்டா போடுகிறவைகளை, அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அதே வருஷம் ருஷியாவோடு கூட்டுச் சேர்ந்து உத்தரப்பிரதேசம் அமேதியில் கோர்வா என்ற இடத்தில் ஏ.கே.-203 செய்ய ஏற்பாடாயிற்று. 6,01,427 துப்பாக்கிகளுக்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இதற்கு வேறொரு தோட்டா, அதுவும் 7.62தான், ஆனால் குப்பி குட்டை. ஆக ஒரே பட்டாளத்தில் இன்சாசுக்கு ஒன்று, அமெரிக்கத் துப்பாக்கிக்கு ஒன்று, ஏ.கே.க்கு ஒன்று என்று மூன்று தோட்டா. ஒருவனுடைய தோட்டா தீர்ந்தால் பக்கத்தில் இருக்கிறவனுடையது இவன் துப்பாக்கிக்குச் சேராமல் போகலாம்.

இதில் எனக்கு வருத்தம், வெளிநாட்டு மாதிரியை எடுத்தார்கள் என்பதல்ல. 1999ல் கார்கிலில் சிப்பாய் சொன்ன குறையை 2000லேயே பகிரங்கமாக எழுதிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தீர்த்திருந்தால், பூனாவில் வரைந்தவனும் திருச்சியில் கடைந்தவனும் இருபது வருஷத்தில் எவ்வளவோ கற்றிருப்பார்கள். திருச்சியில் ஏ.கே. மாதிரித் துப்பாக்கியையே செய்து போலீசுக்குக் கொடுக்கிறார்கள். கையில் தொழில் இல்லாமலில்லை. "சுதேசித் துப்பாக்கியைக் குறை சொல்லுகிறவன் தேசத் துரோகி" என்று ஒரு பக்கமும், "நம்மவன் செய்தால் இப்படித்தான்" என்று இன்னொரு பக்கமும் பேசினோம். இரண்டு பேரும் துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

மேஜைக்குச் சில சீட்டுக்கள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "மனிதனைக் கொல்லும் கருவியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவது தகுமா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்வி கலாஷ்னிகாவுக்கே வந்தது. 2013ல் அவர் சாவதற்குச் சிறிது காலத்துக்கு முன், தொண்ணூறு வயதைத் தாண்டிய கிழவர், தம்முடைய துப்பாக்கியால் செத்த ஜனங்களின் சாவுக்குத் தாம் பொறுப்பாளியா என்று மனம் நொந்து ருஷிய சர்ச்சின் தலைமைக் குருவுக்குக் கடிதம் எழுதினார். தேசத்தைக் காக்கப் பயன்படும்போது ஆயுதத்தையும் அதைச் செய்தவனையும் சர்ச்சு ஆதரிக்கிறது என்பதாக அந்தச் சர்ச்சின் சார்பில் சொல்லிவிட்டார்கள். கிழவருக்கு இருந்த கேள்வி பெரிய கேள்வி. அதற்கு நானும் இன்று இந்த மேடையில் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் குருமார் அதைக் கேள்வியாகவே வைத்திருக்க விடவில்லை பாருங்கள். ஒரு வரியில் மூடிவிட்டார்கள். துப்பாக்கி இல்லாத உலகம் வருமானால் அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை. வரும்வரையில், நம் ஊர்ப் பிள்ளை ஒருவனைக் கொண்டுபோய் எல்லையில் நிறுத்திவிட்டு, அவன் கையில் வெடித்த பெட்டியைக் கொடுப்பது அகிம்சையாகாது.

இன்னொரு சீட்டு: "ஆயுத பூஜையை நிறுத்திவிட்டால், ஆபீசில் அன்றைக்குக் கிடைக்கிற பொரி கடலையும் லீவும் போய்விடுமே, என்ன செய்வது?" பொரி கடலைக்கும் லீவுக்கும் நான் விரோதியல்ல. அதே நாளில் யந்திரத்தைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த பெல்ட்டை மாற்றி, மருந்து முக்கும் இடத்தில் தண்ணீர் வாளியும் மணலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பொரியைத் தாராளமாகத் தின்னுங்கள். கடலை மிட்டாயையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு சீட்டு இருக்கிறது. அவைகள் தேர்தலைப் பற்றியவை. இன்றைய விஷயத்தில் சேராது. மில்லுக்கு ராத்திரி ஷிப்டு போகவேண்டிய தோழர்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கிறேன். இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறேன்.